நிற்கிற ஜோடி, படுத்திருக்கிற ஜோடி

மலேசியாவில், ஈப்போ என்கிற ஊரில் எனக்கு ஒரு செருப்புக்கடை உண்டு. கடையைச் சாத்திய பிறகு மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி நட்சத்திரம் பார்ப்பேன். மனிதர்களின் காலும் எனக்குத் தெரியும், அவர்கள் தலைக்கு மேலே இருப்பதும் தெரியும் என்று வெகுநாள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டும் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க ஆம்பூர் வரைக்கும் போகவேண்டி வந்தது.

எங்கள் ஊர் வான்நோக்குச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். தேர்தல் நடந்த மாலை நல்ல மழை. கூட்டத்துக்குப் போனவன் நான் ஒருவன். ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

தலைவரின் முக்கியமான வேலை, பார்த்ததைப் பதிவேட்டில் எழுதுவது. அங்கேதான் என் வண்டவாளம் ஆரம்பிக்கிறது. யாழ் மண்டலத்தில், வேகா என்கிற பளிச்சென்ற நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒன்று இருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஒன்று. கண் நல்ல கூர்மையாக இருந்தாலோ, பைனாகுலர் இருந்தாலோ இரண்டு. சின்னத் தொலைநோக்கியில் பார்த்தால் அந்த இரண்டில் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, மொத்தம் நான்கு. ‘இரட்டை இரட்டை’ என்று அதற்குச் செல்லப்பெயர். ஜோடியில் இருக்கும் இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன, ஒரு சுற்றுக்குப் பல நூறு வருஷம். இந்த ஜோடியும் அந்த ஜோடியும் சேர்ந்தே பயணம் போகின்றன. என்னுடையதைப் போன்ற மூன்றங்குலத் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் எல்லோரும் நான்கு என்று எழுதுகிறார்கள். நானும் எட்டு வருஷமாக நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவருகிறேன். பார்த்தது என்னவோ இரண்டுதான். ஈப்போ வானத்தில் ஈரம் அதிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

என் கடைக்கு ஷூ அனுப்புகிறவர் ஆம்பூர் கலீம் பாய். எழுபது எண்பது பேர் வேலை செய்கிற தொழிற்சாலை அவருடையது. புது மாடல் ஒன்றைப் பார்த்துச் சரி சொல்ல நேரில் வரவேண்டும் என்றார். “டெலஸ்கோப்பையும் எடுத்துட்டு வாங்க தோஸ்த். உங்க ஊர் மழையில அது சளி புடிச்சுக் கெடக்கும்” என்றும் சொன்னார். கிளம்பும்போது என் மனைவி ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். புரட்டாசி மாதம், கவிச்சி தொடக்கூடாது. போவது ஆம்பூருக்கு. அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தேன். தொலைநோக்கி பத்திரமாக வந்தது. அதைத் தாங்குகிற முக்காலிதான் விமானத்தின் வயிற்றில் ஒரு கால் விரிசல் கண்டு, பிடித்திருந்த திருகாணியையும் எங்கோ கழற்றிப் போட்டுவிட்டு நொண்டியாக வந்தது. ஆட்டோ ஓட்டுநரிடம் எங்கள் ஊர் வழக்கப்படி, “தம்பி, எங்கே பசியாறலாம்?” என்றேன். காலைச் சிற்றுண்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தார்.

“இன்னா சார், நேத்துலருந்து சாப்புடலியா? பாவமே” என்று ஒரு கடை வாசலில் இறக்கிவிட்டு, “மொதல்ல சாருக்குக் குடுப்பா. பசியில வந்திருக்காரு” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு இட்லி கேட்டேன், ஆறு வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலை வாசலில் கலீம் பாயோடு நின்றுகொண்டிருந்தேன். வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்து நின்றது. கடைசியாக இறங்கிய ஒரு அம்மாள் என் காலைப் பார்த்தார். ஒரு கணம் சுவரைப் பார்த்தார். மறுபடி என் காலைப் பார்த்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க ஷூ ஜோடி இல்ல.”

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ஒண்ணு லெஃப்ட், ஒண்ணு ரைட். நானே பார்த்துதான் போட்டேன்.”

“அது கரெக்ட்டு சார். ஆனா லெஃப்ட்டு காப்பி கலரு. ரைட்டு டீ கலரு.”

குனிந்து பார்த்தேன். காலை வெயிலில் என் இடது கால் காப்பியும் வலது கால் டீயுமாகத்தான் இருந்தது. என் கடையில், நானே தேர்ந்தெடுத்து, மூன்று வருஷமாக நான் போட்டுக்கொண்டு திரிகிற ஷூ. ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு கால் முன்னால் இருந்தது.

“இவங்கதான் எஸ்தர்” என்றார் கலீம் பாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஜோடி சேக்குற மேஜை. பத்தொம்பது வருஷமா.”

அந்த மேஜை எங்கள் தொழிலின் கடைசி நீதிமன்றம். ஒவ்வொரு தோலும் சாயத்தை ஒவ்வொரு விதமாகக் குடிக்கும். தைத்து முடித்த இடதுகால் ஷூக்கள் ஒரு பக்கமும் வலதுகால் ஷூக்கள் ஒரு பக்கமும் வந்து குவிய, எந்த இடதுக்கு எந்த வலது பொருந்தும் என்று எஸ்தர் சேர்க்கவேண்டும். மூன்று எண்ணுவதற்குள் முடிவு செய்யவேண்டும். நான்காவது எண்ணினால் கண் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுமாம். அதற்குப் பிறகு சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொண்டு மறுபடி பார்க்கவேண்டும். அடுத்து, வலது கையில் இருப்பதை இடது கைக்கும் இடதை வலதுக்கும் மாற்றிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கத்து வெளிச்சத்தை மட்டும் நம்பக்கூடாது.

“உங்க கிஃப்ட்டு எங்க மாட்டியிருக்கேன் பாருங்க” என்று கலீம் பாய் மேலே காட்டினார். மேஜைக்கு நேர் மேலே, ஆறு மாதத்துக்கு முன்பு நான் உறவுக்காரர் ஒருவர் மூலம் கொடுத்தனுப்பிய விளக்கு. பெட்டியின்மேல் ‘அசல் பகல் வெளிச்சம்’ என்று போட்டிருந்தது. என் கடை முழுக்க அதுதான். மாப்பிள்ளையின் அப்பாவைப் போலப் பெருமையாக நின்றேன்.

தேநீர் வேளையில் கலீம் பாயின் முகம் மாறியது. எஸ்தரின் மேஜையைத் தாண்டிப் போன பெட்டிகளில் சில, நிறம் சேரவில்லை என்று வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்திருந்தன. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. வாங்குகிறவர்களின் சென்னை ஏஜெண்ட், மேஜையில் ஆளை மாற்றச் சொல்லிவிட்டார். கலீம் பாய் கெஞ்சியதில், சனிக்கிழமை தானே வந்து எஸ்தரைச் சோதித்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அதில் தவறினால் எஸ்தர் பசை ஒட்டுகிற இடத்துக்குப் போகவேண்டும்.

“பத்தொம்பது வருஷத்துல ஒரு ஜோடி திரும்பி வந்ததில்ல” என்றார் கலீம் பாய். “இப்ப இன்னா ஆச்சுன்னு தெரியல. ரொம்ப பேஜாரா இருக்கு தோஸ்த்.”

எஸ்தரிடமே கேட்டேன். டாக்டரிடம் போனீர்களா?

“போனேன் சார். கண்ணு நல்லா இருக்குதுன்றாரு. அந்த போர்டுல எழுத்து இத்தாம் பெருசு. எங்க வேல எழுத்து இல்லியே. நாப்பத்தி நாலு வயசாவுது. கண்ணுக்கு வயசு தெரியாதுன்னு நெனைச்சினு இருந்தேன். தெரிஞ்சி போச்சி போல.” கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார். “இந்த ஏரியாவுல எஸ்தர்னா கண்ணுன்னு சொல்லுவாங்க சார். கண்ணு இல்லாத எஸ்தர் எப்படி இருப்பான்னு எனக்கே தெரியாது.”

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கிண்டல். பலாவைப் போல முள்ளும் கனமுமான எங்கள் ஊர் டுரியான் பழம் விழுந்து ஒரு காரே சப்பையான கதையைச் சொன்னேன். உண்மையில் அது சைக்கிள்தான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பெண்கள் என்னைக் கண்டால், “மலேசியா சார் வர்றாரு, காதைப் பொத்திக்கோங்கடி” என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

மதியம் பிரியாணி வந்தது. சீரகச் சம்பா, பக்கத்தில் கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. மலேசியாவில் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, எனவே எனக்கான புரட்டாசி சீக்கிரம் முடிந்திருக்கவேண்டும் என்று வானியல் முறையில் வாதாடிப் பார்த்தேன். எதிர்த்தரப்பில் யாரும் இல்லாததால் வென்றேன். இரவு மனைவி தொலைபேசியில் கேட்டாள்: “என்ன சாப்பிட்டீங்க?”

“கத்திரிக்காய்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

புதன்கிழமை முக்காலிக்குத் திருகாணி தேடி வேலூருக்குப் போனேன். லாங் பஜாரில் நடக்கத் தனிக் கலை வேண்டும். முன்னால் கைவண்டி, பின்னால் ஸ்கூட்டர், நடுவில் நீங்கள். எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அங்கே ஏற்கெனவே ஒரு வெங்காய மூட்டை ஒதுங்கியிருக்கும். முதல் கடைக்காரர் முக்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த சைஸு இந்தியாவுலயே கெடையாது சார்” என்றார். பக்கத்துக் கடையில் கிடைத்தது. முதல் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “நான் நல்ல சரக்கைச் சொன்னேன்” என்றார்.

திரும்பும் பேருந்தில் முக்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெரியவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து உருதுவில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். “ஒருத்தர் அது மீன் புடிக்கிறதுன்றாரு. இன்னொருத்தர், ‘இல்ல இல்ல, இந்த மூஞ்சிக்கு மீன் மாட்டாது, சாமியானா போடறவன்’றாரு” என்று மொழிபெயர்த்தார். அந்த அவமானத்தில் கண்ணை மூடினேன். அப்படியே தூங்கிப்போனேன். ஆம்பூர் வந்தது, போனது. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது திருப்பத்தூர்.

“ஆம்பூர்லயே எழுப்பியிருக்கக் கூடாதா?”

“எழுப்புனேனே சார். ‘நாலு, நாலு’ன்னீங்க. சரி, இன்னும் நாலு ஸ்டாப்பு இருக்குதுன்னு விட்டுட்டேன்.”

வியாழக்கிழமை, புதுத் திருகாணி விரிசல் விழுந்த மரத்தில் நிற்காது என்று தெரிந்தது. தையல் பிரிவில் ஒரு பெண் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, தோல் வாரை எடுத்து முக்காலியின் காலைச் சுற்றி இறுக்கித் தைத்துக் கொடுத்தார். வேலூர்ப் பயணம் மொத்தமும் வீண். திருப்பத்தூர் உபரி.

மாலை ஐந்து மணிக்கு இடியோடு மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிகிற நேரத்தில் மழை விட்டது, மின்சாரமும் விட்டது. ரயில்வே சப்வேயில் தண்ணீர் நிறைந்து பெண்களை ஏற்றிப்போகும் வேன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டு பெண்கள் டிபன் பாக்ஸ் கூடையோடு வாசலில் நின்றார்கள். வானத்தைப் பார்த்தேன். மழை கழுவிவிட்ட வானம், ஊர் முழுக்க இருட்டு, நேரம் ஏழுகூட ஆகவில்லை, தலைக்கு வடக்கே உயரத்தில் வேகா எரிகிறது. எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டேன்.

“டுரியானா சார்?” என்றாள் ஒருத்தி.

“இல்லலா, இது நிஜம்” என்றேன், எங்கள் ஊர் ‘லா’ வாயில் ஒட்டிக்கொள்ள.

வேகாவுக்குப் பக்கத்தில் குறிவைத்தேன். என்ன தெரியும் என்று கேட்டார்கள். இங்கேதான் என் கோழைத்தனம் வேலை செய்தது. நான்கு தெரியும் என்று சொல்லி, அவர்கள் ‘எங்கே சார்?’ என்று கேட்டால் நானே காட்டமுடியாது. ஆகவே, “ஒரு நட்சத்திரம் ரெண்டா தெரியும்” என்று பாதுகாப்பாகச் சொல்லிவைத்தேன்.

வரிசையாகப் பார்த்தார்கள். “ஆமா, ரெண்டு.” “ரெண்டு சார், அழகா இருக்குது.” ஒருத்தி கண்ணை வைப்பதற்கு முன்பே, “ரெண்டு” என்றாள். கடைசியில் எஸ்தர். அவர் கருவிக்கு முன்னால் வெறும் கண்ணோடு நிமிர்ந்து, “அந்த வெள்ளைக்குக் கீழ ஒட்டினாப்புல ரெண்டு இருக்குதே, அதுவா?” என்றார். அதை வெறும் கண்ணில் இரண்டாகப் பார்த்த ஒருவரை என் வாழ்நாளில் அன்றுதான் சந்தித்தேன். அது எனக்கு உறைப்பதற்குள் அவர் குனிந்துவிட்டார்.

பார்த்தார். விலகிச் சுவரைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணை மாற்றிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடியின் ஓரத்துக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

“யாருக்கும் சொல்லாதீங்க சார்” என்றார் தணிந்த குரலில். “போச்சு. எல்லாருக்கும் ரெண்டு தெரியுது. எனக்கு அந்த ரெண்டும் ஒண்ணொண்ணும் ரெண்டு ரெண்டா தெரியுது.”

“எஸ்தரம்மா, நாலுதான் சரி. அது நாலு நட்சத்திரம்.”

“ஆறுதலுக்குச் சொல்றீங்க.”

“சத்தியமா.”

“காரு மேல டுரியான் வுழுந்தது மாதிரியா?”

நான்கு நாள் விட்ட கதைகளுக்கெல்லாம் ஒரே அடியில் பதில் கிடைத்தது. உண்மையைச் சொல்லவேண்டிய நேரத்தில் என் வாயை நம்ப ஒரு ஆள் இல்லை.

“அப்ப ரெண்டுன்னு ஏன் சொன்னீங்க?”

“ஏன்னா நான் நாலைப் பார்த்ததே இல்லை” என்றேன். “எட்டு வருஷமா பார்த்த மாதிரி எழுதிக்கிட்டு இருக்கேன். எங்க சங்கத்துக்கு நான்தான் தலைவர் வேற.”

அவர் என்னை மூன்று எண்ணுகிற நேரம் பார்த்தார். அந்தப் பயணத்தில் நான் சொன்ன முதல் நம்பத்தகுந்த வார்த்தை அதுதான் போலிருக்கிறது.

“பாக்கலைன்னா நாலுன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“புத்தகத்துல இருக்கு. படம்கூட இருக்கு. காட்டவா?”

“காட்டாதீங்க!” கையை நீட்டித் தடுத்தார். “படத்தைப் பாத்தா கண்ணு அதையே பாக்கும். நான் பாத்ததைப் போடறேன். அப்பறம் உங்க சாம்பிளை எடுங்க.”

தொழுகை முடித்துவந்த கலீம் பாய் அப்போதுதான் மாடி ஏறினார். எஸ்தர் கீழே போய், கருப்புத் தோல் துண்டு ஒன்றும் தோலில் குறிபோடுகிற வெள்ளிப் பேனாவும் கொண்டுவந்தார். தலையை வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். கண் செய்கிற கோளாறாக இருந்தால் தலையோடு சேர்ந்து அதுவும் சாயவேண்டும் அல்லவா? ஷூவைக் கை மாற்றிப் பார்க்கிற அதே வேலை.

“சாயல” என்றார், தனக்குத்தானே. பிறகு தோலின்மேல் வெள்ளிப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். “மேல ஒரு ஜோடி. நிக்குது. கீழ ஒரு ஜோடி. படுத்திருக்குது, லேசா சாஞ்சாப்புல.” மறுபடி கண்ணை வைத்தார். “படுத்திருக்கிற ஜோடி ஓக்கே. நிக்கிறதுல ஒண்ணு மங்கல். அதை நான் பாஸ் பண்ண மாட்டேன் பாய். ரிஜெக்ட்.”

புத்தகத்தைப் பிரித்தேன். கலீம் பாய் கைப்பேசி விளக்கைக் காட்டினார். ஒரு ஜோடி நிற்கிறது. ஒரு ஜோடி படுத்திருக்கிறது. நிற்கிற ஜோடியில் ஒன்று மற்றதைவிட மங்கல் என்று கீழே அச்சில் போட்டிருந்தது. கத்தப்போனேன். அதற்குள் கலீம் பாய், “ஒரு நிமிஷம் தோஸ்த். படுத்தது புக்குல இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. இதுல அந்தப் பக்கம்” என்றார்.

உண்மைதான். தலைவர் என்ற முறையில் எனக்கு உடனே தெரிந்திருக்கவேண்டிய விஷயம் ஒன்று அதில் இருந்தது. ஆனால் எஸ்தர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று எண்ணிவிட்டுச் சொன்னார்.

“இது லெஃப்ட்டு பாய். புக்குல இருக்கறது ரைட்டு. ரெண்டும் ஒரே ஜோடி.” என் பக்கம் திரும்பினார். “சார், இந்தக் குழாய்ல கண்ணாடி ஏதாச்சும் இருக்குதா, திருப்பிக் காட்டற மாதிரி?”

இருக்கிறது. கழுத்து வலிக்காமல் குனிந்து பார்ப்பதற்காக அடியில் ஒரு வளைந்த குழாய். அதற்குள் ஒரு கண்ணாடி. அது எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிக் காட்டும். எட்டு வருஷமாக நான் கழற்றித் துடைத்து மாட்டுகிற கண்ணாடி. ஆம்பூர்க்காரர்களுக்கு அது ஒரு ஷூவின் மறுகால்.

யார் முதலில் கைதட்டியது என்று தெரியவில்லை. எஸ்தர் மட்டும் தட்டவில்லை. தோல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு ஜோடி, ஒரே பாக்ஸ்ல” என்றார். கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கீழே வேன் ஹாரன் அடித்தது. இந்தக் கலவரத்தில் நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். இரண்டு. கொஞ்சம் கொழுத்த இரண்டு.

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் வேனிலிருந்து இறங்கியதும் நேரே உள்ளே போய், திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பாய், இங்க வாங்க. இது சேருதா?”

“சேருது” என்றார் கலீம் பாய்.

அதே ஜோடியை வாசல் வெயிலுக்கு எடுத்துப் போனார். ஒன்று சிவந்தும் ஒன்று கருத்தும் நின்றன.

“ராத்திரியெல்லாம் யோசிச்சேன் பாய். அம்மாந் தூரத்துல இருக்கற ஷேடு எனக்குத் தெரியுது. ஒரு முழம் தூரத்துல இருக்கறது தெரியல. அப்பக் கண்ணு இல்ல. லைட்டு.”

எல்லோரும் மேலே பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எஸ்தர் என் காலைப் பார்த்தார்.

“சார், ஷூவைக் கழட்டுங்க.”

கழற்றினேன். மேஜைமேல், அசல் பகல் வெளிச்சத்தின் கீழே, காப்பியும் டீயும் இரண்டறக் கலந்து ஒரே நிறமாக உட்கார்ந்திருந்தன.

“உங்க கடையில இன்னா லைட்டு சார்?”

காலுறையோடு நின்றுகொண்டு ஒரு மனிதன் எவ்வளவு கம்பீரமாகப் பதில் சொல்லமுடியுமோ அவ்வளவு கம்பீரமாக, “இதே லைட்டு” என்றேன்.

அந்தச் சிரிப்பு பேரணாம்பட்டு வரைக்கும் கேட்டிருக்கும். தையல் மிஷின்கள் நின்றுபோயின. கலீம் பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “தோஸ்த், நீங்க எனக்குக் குடுத்த கிஃப்ட்டு! அடுத்த தடவ ஒண்ணும் குடுக்காதீங்க, அல்லாவுக்காக” என்றார். பத்தொன்பது வருஷக் கண்ணைச் சந்தேகப்பட்டார்கள், அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரரே சந்தேகப்பட்டார். ஆறு மாத விளக்கை ஒருவரும் சந்தேகப்படவில்லை. அது வெளிநாட்டிலிருந்து வந்தது, பெட்டியில் எழுதியிருந்தது. நானும் வெளிநாட்டிலிருந்து வந்தவன்தான். என்மேல் மட்டும் அச்சிட்டிருக்கவில்லை.

இருந்தாலும் சனிக்கிழமைச் சோதனை சோதனைதான். சென்னை ஏஜெண்ட் ஒல்லியான மனிதர். சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் போன்ற முகம். விளக்குக் கதையைக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, அவங்க செய்யட்டும்” என்றார். மேஜையை ஜன்னலோரம் போட்டார்கள். ஒரு மூட்டையிலிருந்து ஷூக்களைக் கலைத்துக் கொட்டினார். எல்லாம் பழுப்பு. எனக்கு எல்லாம் ஒரே பழுப்பு.

எஸ்தர் உட்காரவில்லை, நின்றபடியே எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, சுவர். கை மாற்றி மறுபடி. ஜோடிகள் ஒரு பக்கம் அடுக்கப்பட்டன. தேநீர் ஆறுவதற்குள் கையைத் துடைத்துக்கொண்டார். மேஜையில் நான்கு ஷூ மிச்சம் கிடந்தது.

“அதையும் சேருங்க” என்றார் ஏஜெண்ட்.

“அது சேராது சார்.”

“ரெண்டு லெஃப்ட், ரெண்டு ரைட் இருக்கே?”

“இருக்குது. ஜோடி இல்ல.”

“நல்லா இன்னொரு தடவ பாருங்கம்மா. டைம் இருக்கு.”

கலீம் பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். எஸ்தர் அந்த நான்கையும் பார்க்கவில்லை. ஏஜெண்டைத்தான் பார்த்தார். “மூணு எண்ணிட்டேன் சார். நாலு எண்ண மாட்டேன்.”

ஏஜெண்ட் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, ஷூக்களின் உள்ளே ஒட்டியிருந்த எண்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். அவர் படித்து முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இரட்டை இரட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கும். கடைசியில் சீட்டை மடித்தார்.

“அந்த நாலும் நான் வேணும்னே போட்டது” என்றார். “மேஜை ஜன்னல் பக்கமே இருக்கட்டும் பாய். அவங்களும்.” பிறகு கடிகாரத்தைப் பார்த்து, “பிரியாணி எந்தக் கடையில நல்லாருக்கும்?” என்றார். அனுமதி வந்துவிட்டது போல, சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது எஸ்தர் ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே அவரே ஜோடி சேர்த்த புது ஷூ. என் பழைய ஷூவை அவர்கள் திருப்பித் தரவில்லை. அது இப்போது ஜோடி மேஜைக்கு மேலே, விளக்கு இருந்த கொக்கியில் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு, ஜோடி இல்லாதது எப்படி இருக்கும் என்று காட்ட.

“இதையும் எடுத்துக்கோங்கண்ணா” என்று வெள்ளிப் புள்ளி வைத்த கருப்புத் தோல் துண்டை நீட்டினார். சாராக இருந்த நான் எப்போது அண்ணா ஆனேன் என்று கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கத்திரிக்காயைப் பற்றிய முழு விவரத்தையும் சொன்னேன். அவள் ஏற்கெனவே சட்டையை மோந்து பார்த்திருந்தாள். அந்த வார முடிவில் கடை விளக்குகளைக் கழற்றினேன். அலமாரியிலிருந்த ஷூக்களை வாசல் வெயிலில் வரிசையாக வைத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதை, என் வாடிக்கையாளர்களில் தமிழ் படிக்கிறவர்கள் சிலர் இருப்பதால், இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு மாலை அதிசயமாக மேகம் விலகியது. தோல் வார் கட்டிய முக்காலியை நிறுத்தி, மூன்று எண்ணிப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். பிறகு பதிவேட்டை எடுத்து, எட்டு வருஷத்து நான்குகளை ஒவ்வொன்றாக அடித்து இரண்டு என்று திருத்தினேன். அன்றைய வரியிலும் இரண்டு என்றே எழுதினேன். அதற்குக் கீழே தோல் துண்டை ஒட்டி, பக்கத்தில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:

நான்கு. பார்த்தவர்: எஸ்தர், ஆம்பூர். படுத்திருக்கிற ஜோடி ஓக்கே. நிற்கிற ஜோடி ரிஜெக்ட்.